வயாக்ஸ்: வயிற்றைக் காப்பாற்ற வந்த மாத்திரை இதயத்தைத் தாக்கிய கதை

2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 30, வியாழக்கிழமை. அமெரிக்காவின் பெரிய மருந்து நிறுவனங்களில் ஒன்றான மெர்க், தன்னுடைய 'வயாக்ஸ்' என்ற வலி மாத்திரையை உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அன்று அந்த மாத்திரை 80-க்கும் அதிகமான நாடுகளில் விற்றுக்கொண்டிருந்தது. 2003-ல் மட்டும் அதன் விற்பனை சுமார் 250 கோடி டாலர். கடைக்கு வந்த ஐந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடி பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே மெர்க்கின் பங்கு விலை கால்பங்குக்கும் மேல் சரிந்தது.

நிறுத்தியதற்குக் காரணம் மாரடைப்பும் பக்கவாதமும். மெர்க் சொன்ன விளக்கம் இதுதான்: புதிய ஆய்வு ஒன்றில் இந்த ஆபத்து இப்போதுதான் தெரியவந்தது, தெரிந்த சில நாட்களிலேயே நாங்களாகவே நிறுத்திவிட்டோம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே மாரடைப்புக் கணக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, இதே நிறுவனம் நடத்திய வேறொரு ஆய்வில், உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் அச்சாகியிருந்தது. யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை (ஒரு சிறு பகுதியைத் தவிர, அது பின்னால் வருகிறது). ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் படித்தார்கள். படித்த பிறகும் மாத்திரை விற்றது. அது எப்படி நடந்தது என்பதுதான் வயாக்ஸ் வரலாற்றில் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி.

பழைய மாத்திரைகளின் தொல்லை

ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆனால் அது வலியை எப்படிக் குறைக்கிறது என்பது முக்கால் நூற்றாண்டு வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. 1971-ல்தான் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் வேன் அதைக் கண்டுபிடித்தார். உடம்பில் அடிபட்ட இடத்தில் 'புராஸ்டாகிளாண்டின்' என்ற பொருட்கள் சுரக்கின்றன. வீக்கம், வலி, காய்ச்சல் மூன்றுக்கும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் அவற்றை உற்பத்தி செய்யும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அந்த நொதியின் பெயர் சுருக்கமாக 'காக்ஸ்'. இந்த வேலைக்காக வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது (வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார்).

இப்யூபுரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் எல்லாம் இதே வேலையைச் செய்கிறவைதான். ஸ்டீராய்டு அல்லாத வீக்கம் குறைக்கும் மருந்துகள் என்று இந்தக் குடும்பத்துக்குப் பெயர். பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது. அது வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், வீக்கத்துக்குப் பெரிதாக உதவாது.

சிக்கல் என்னவென்றால், புராஸ்டாகிளாண்டின் வலிக்கு மட்டும் சுரப்பதில்லை. இரைப்பையில் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் இரைப்பையின் சுவரையே அரித்துவிடாமல் காக்கும் வழவழப்பான படலம் உருவாவதற்கும் அதே பொருட்கள்தான் தேவை. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சரியாக வைத்திருப்பதிலும் அவற்றுக்கு வேலை உண்டு. வலிக்காக நொதியைத் தடுத்தால், வயிற்றின் காவலும் போய்விடும். மூட்டுவாதத்துக்காக வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குக் குடல் புண் வந்தது. சிலருக்கு அது ரத்தக்கசிவாகி உயிரையே பறித்தது. 1999-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அமெரிக்க மூட்டுவாத நோயாளிகளில் ஆண்டுக்குச் சுமார் 16,500 பேர் இந்த மாத்திரைகளால் இறந்தார்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வயாக்ஸைக் கண்டுபிடித்தவர்கள் இல்லாத ஒரு நோயை உருவாக்கி மருந்து விற்றவர்கள் அல்ல. பிரச்சினை உண்மையானது, பெரியதும்கூட.

இரண்டாவது நொதி

1991-ல் ஒரு முக்கியமான விஷயம் தெரியவந்தது. காக்ஸ் என்பது ஒரு நொதி அல்ல, இரண்டு. காக்ஸ்-1 எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். இரைப்பையைக் காப்பது அதுதான். காக்ஸ்-2 பெரும்பாலும் அடிபட்டபோதும் வீக்கம் வரும்போதும் மட்டும் தலைகாட்டும். அப்படியானால் காக்ஸ்-1-ஐத் தொடாமல் காக்ஸ்-2-ஐ மட்டும் தடுக்கும் ஒரு மருந்து செய்தால்? வலியும் போகும், வயிறும் பிழைக்கும்.

பாடப்புத்தகத்தில் படிக்க இதைவிட அழகான யோசனை கிடையாது. நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. சர்ல் நிறுவனத்தின் செலிகாக்சிப் (விற்பனைப் பெயர் செலிபிரெக்ஸ்) 1998 டிசம்பர் 31-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.-விடம் அனுமதி வாங்கியது. மெர்க்கின் ரோஃபிகாக்சிப், அதாவது வயாக்ஸ், ஐந்து மாதம் கழித்து 1999 மே மாதம் வாங்கியது.

இரண்டாவதாக வந்தவர் சத்தமாகக் கூவித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகளுக்கும் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யலாம்; 1997-ல் அதற்கான விதிகள் தளர்ந்திருந்தன. ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை டோரதி ஹாமில் வயாக்ஸ் விளம்பரத்தில் வந்தார். 2000-ஆம் ஆண்டில் வயாக்ஸை மக்களிடம் நேரடியாக விளம்பரம் செய்ய ஆன செலவு சுமார் 16 கோடி டாலர். அதே ஆண்டில் பெப்சி குளிர்பானத்துக்கும் பட்வைசர் பீருக்கும் ஆன விளம்பரச் செலவு இதைவிடக் குறைவு! ஒரு மூட்டுவலி மாத்திரை பெப்சியை முந்துகிறது என்றால், அதைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மையில் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். வயிற்றுப் புண் ஆபத்து உள்ளவர்களுக்காக உருவான மருந்து, அந்த ஆபத்து இல்லாதவர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

முதல் மணி

இங்கே கொஞ்சம் உயிரியல் தேவை. ரத்தக் குழாயில் எப்போதும் ஓர் இழுபறி நடந்துகொண்டிருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் 'திராம்பாக்சேன்' என்ற பொருளைச் சுரக்கின்றன. அது ரத்தத்தை உறையச் சொல்கிறது. குழாயின் உட்சுவர் 'புராஸ்டாசைக்ளின்' என்ற பொருளைச் சுரக்கிறது. அது உறையாதே என்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தட்டணு தன் பொருளைச் செய்வது காக்ஸ்-1 மூலம். குழாய்ச்சுவர் தன் பொருளைச் செய்வதில் காக்ஸ்-2-க்குப் பெரும் பங்கு.

அப்படியானால் காக்ஸ்-2-ஐ மட்டும் தடுத்தால் என்ன ஆகும்? 'உறையாதே' என்று சொல்லும் குரல் அடங்கிவிடும். 'உறை' என்று சொல்லும் குரல் அப்படியே இருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு, இந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரைச் சோதித்து, புராஸ்டாசைக்ளினின் அளவு குறைகிறது என்று 1999-லேயே வெளியிட்டது. மாரடைப்பு வரும் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் எந்த வழியாக வரக்கூடும் என்று காட்டிவிட்டது. காக்ஸ்-1-ஐ விட்டுவைத்ததால் வயிறு பிழைத்தது. அதே காக்ஸ்-1-ஐ விட்டுவைத்ததால்தான் தட்டணுக்கள் கட்டுப்பாடில்லாமல் போயின. நன்மையும் தீமையும் ஒரே கதவு வழியாக வந்தவை.

ஒரு விகிதத்தை எப்படி வாசிப்பது

மெர்க் தன் மாத்திரை வயிற்றுக்கு நல்லது என்று நிரூபிக்க 'விகோர்' என்ற பெரிய ஆய்வை நடத்தியது. 8,076 முடக்குவாத நோயாளிகள். பாதிப் பேருக்கு வயாக்ஸ் தினம் 50 மில்லிகிராம், மீதிப் பேருக்குப் பழைய நாப்ராக்சென் தினம் 1,000 மில்லிகிராம். சராசரியாக ஒன்பது மாதம் கண்காணித்தார்கள். முடிவு 2000 நவம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது.

வயிற்றைப் பொறுத்தவரை வெற்றிதான். நூறு பேர் ஓராண்டு சாப்பிட்டால், நாப்ராக்சென் குழுவில் 4.5 பேருக்குக் கடுமையான வயிற்றுக் கோளாறு. வயாக்ஸ் குழுவில் 2.1 பேருக்கு. பாதிக்கும் கீழ்.

அதே கட்டுரையில் இன்னொரு வரி. மாரடைப்பு: நாப்ராக்சென் குழுவில் 0.1 சதவீதம், வயாக்ஸ் குழுவில் 0.4 சதவீதம்.

இந்த இரண்டு எண்களை இரண்டு விதமாகச் சொல்லலாம். 'வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு நான்கைந்து மடங்கு' என்று சொல்லலாம். 'நாப்ராக்சென் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு ஐந்தில் ஒரு பங்கு' என்றும் சொல்லலாம். கணக்கு ஒன்றுதான். கட்டுரை இரண்டாவது விதமாகச் சொன்னது. வயிற்றுக் கோளாறு பற்றிச் சொல்லும்போது பழைய மருந்தை அடிப்படையாக வைத்து, புதிய மருந்து எவ்வளவு குறைக்கிறது என்று கணக்கிட்டார்கள். மாரடைப்பு பற்றிச் சொல்லும்போது புதிய மருந்தை அடிப்படையாக வைத்து, பழைய மருந்து எவ்வளவு குறைக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒரே கட்டுரைக்குள் தராசு திரும்பிவிட்டது!

அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம், நாப்ராக்சென் ஆஸ்பிரின் மாதிரி தட்டணுக்களை அடக்கி இதயத்தைக் காக்கிறது என்பது. ஒரு வாதமாக இதை முழுவதும் தள்ளிவிட முடியாது. நாப்ராக்சென் உண்மையிலேயே தட்டணுக்களை ஓரளவு அடக்கும். விகோர் ஆய்வில் வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட மூன்றாவது குழு இல்லை; முடக்குவாதக்காரர்களை மாதக்கணக்கில் வலி மருந்தில்லாமல் விட முடியாது என்பதால் வைக்கவில்லை. அதனால் ஒருவர் மேலே போனாரா, மற்றவர் கீழே இறங்கினாரா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அளவைப் பாருங்கள். விகோர் வித்தியாசம் முழுவதும் நாப்ராக்செனின் புண்ணியம் என்றால், அது மாரடைப்பை 80 சதவீதம் குறைத்திருக்க வேண்டும். இதய நோயாளிகளுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் ஆஸ்பிரினே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சுமார் கால்பங்குதான் குறைக்கிறது. மூட்டுவலிக்குக் கொடுத்த ஒரு பழைய மாத்திரை, உலகின் மிகச் சிறந்த இதயக் காப்பு மருந்தாக இருந்து யாரும் கவனிக்காமல் போயிற்று என்று நம்பினால்தான் இந்த விளக்கம் நிற்கும்.

அச்சில் வராமல் போன சிறு பகுதி ஒன்று உண்டு என்று மேலே சொன்னது இங்கேதான். கட்டுரை கணக்கில் எடுத்தது வயாக்ஸ் குழுவின் 17 மாரடைப்புகளை. உண்மையில் நடந்தவை 20. விடுபட்ட மூன்றும் நிறுவனம் வைத்திருந்த கடைசித் தேதிக்குப் பிறகு நடந்தவை, அதனால் சேர்க்கவில்லை என்றது மெர்க். கட்டுரை அச்சாவதற்கு முன்பே ஆசிரியர்களில் சிலருக்கு அவை தெரியும் என்று கண்டறிந்த அந்த இதழின் ஆசிரியர் குழு, 2005 டிசம்பரில் கட்டுரை குறித்துத் தன் கவலையைப் பகிரங்கமாக வெளியிட்டது.

நான்கு ஆண்டுகள்

2001 ஆகஸ்டில் கிளீவ்லாண்ட் கிளினிக்கின் முகர்ஜி, நிசன், டோபோல் என்ற மூன்று இதய மருத்துவர்கள் இருக்கும் தரவுகளைத் திரட்டி, இந்த மருந்துகளால் இதயத்துக்கு ஆபத்து இருக்கலாம், தனியாக ஓர் ஆய்வு வேண்டும் என்று எழுதினார்கள். அப்படி ஓர் ஆய்வை மெர்க் அப்போது நடத்தவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் அந்த நிறுவனம் வெளியிட்ட செய்திக்குறிப்பு, வயாக்ஸ் இதயத்துக்குப் பாதுகாப்பானது என்ற தொனியில் இருந்தது. செப்டம்பரில் எஃப்.டி.ஏ. அதைக் கண்டித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. விகோர் முடிவைப் பார்த்த பிறகும் எப்படி இப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

கடிதம் கடுமை; நடவடிக்கை மென்மை. மாரடைப்புத் தகவல் மாத்திரையின் விவரச் சீட்டில் ஏறுவதற்கு 2002 ஏப்ரல் ஆகிவிட்டது. அதுவும் கறுப்புக் கட்டம் போட்ட பெரிய எச்சரிக்கையாக இல்லாமல், முன்னெச்சரிக்கைகளில் ஒன்றாக. சீட்டில் என்ன எழுதுவது என்று நிறுவனத்தோடு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய நிலையில்தான் அன்றைய எஃப்.டி.ஏ. இருந்தது. 'இப்படி எழுது' என்று உத்தரவிடும் அதிகாரம் 2007-ல் வந்த புதிய சட்டத்தில்தான் கிடைத்தது.

இதற்கிடையில் மெர்க்கின் விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மருத்துவர்கள் கேட்கக்கூடிய சங்கடமான கேள்விகளைச் சமாளிப்பதற்காக ஒரு விளையாட்டு; 'டாட்ஜ்பால் வயாக்ஸ்' என்று பெயர். பந்து மேலே படாமல் விலகி ஓடும் ஆட்டம் அது. மாரடைப்பு பற்றிய கேள்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரே ஒரு சொல்தான்: 'விலகு!' 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் இது வெளியானபோது பலர் சிரித்தார்கள். சிரிக்கும் விஷயம் இல்லை.

கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்ததும் மெர்க்கின் ஆய்வுதான், அதுவும் வேறு நோக்கத்தில் தொடங்கியது. வயாக்ஸ் பெருங்குடலில் கட்டிகள் திரும்ப வராமல் தடுக்குமா என்று பார்க்க 2,586 பேரை வைத்து 'அப்ரூவ்' ஆய்வு நடந்தது. தடுத்தால் புதிய சந்தை கிடைக்கும். இந்த முறை எதிர்த்தரப்பில் இருந்தது வெற்று மாத்திரை. நாப்ராக்செனைக் காரணம் காட்ட வழியில்லை. ரத்தம் உறைவதால் வரும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வயாக்ஸ் குழுவில் 46 பேருக்கு, வெற்று மாத்திரைக் குழுவில் 26 பேருக்கு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் கொடுத்தது 50 அல்ல, லட்சக்கணக்கானோர் தினமும் சாப்பிட்டுவந்த 25 மில்லிகிராம். கண்காணிப்புக் குழு ஆய்வை நிறுத்தச் சொன்னது. அதன் பிறகுதான் அந்த செப்டம்பர் 30.

கணக்குத் தீர்த்தல்

மாத்திரை போன சில வாரங்களிலேயே சுவிட்சர்லாந்தின் பீட்டர் ஜூனியும் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். வயாக்ஸ் ஆய்வுகளை வெளிவந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். எந்த ஆண்டில் ஆபத்து ஐயமில்லாமல் தெரிந்திருக்கும்? 2000-ஆம் ஆண்டு முடிவில். 20,000-க்கும் அதிகமான நோயாளிகள், 52 மாரடைப்புகள், இரண்டு மடங்குக்கும் மேல் ஆபத்து. எதிர்த்தரப்பில் இருந்தது நாப்ராக்செனா, வேறு மருந்தா, வெற்று மாத்திரையா என்பதால் முடிவு பெரிதாக மாறவில்லை. இதற்குப் புதிதாக ஒரு நோயாளிகூடத் தேவைப்படவில்லை. இருந்த எண்களைக் கூட்டினால் போதுமாக இருந்தது.

நான்கு ஆண்டுத் தாமதத்தின் விலை என்ன? எஃப்.டி.ஏ.-வின் உள்ளேயே பணியாற்றிய டேவிட் கிரஹாம், கலிஃபோர்னியாவின் கைசர் மருத்துவத் திட்டத்தில் இருந்த சுமார் 14 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார். வயாக்ஸ் விற்பனையில் இருந்த காலத்தில் அமெரிக்காவில் கூடுதலாக ஏற்பட்ட கடுமையான இதய நோய்கள் 88,000 முதல் 1,40,000 வரை இருக்கலாம் என்பது அவருடைய குழுவின் மதிப்பீடு. 2004 நவம்பரில் செனட் குழு முன் சாட்சி சொல்லும்போது, தான் வேலை செய்யும் அமைப்பு மக்களைக் காக்கும் நிலையில் இல்லை என்றே அவர் சொன்னார். மதிப்பீடு மதிப்பீடுதான்; மெர்க் அதை ஏற்கவில்லை. ஆனால் அதில் பாதி உண்மை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை.

2005 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ.-வின் ஆலோசனைக் குழு கூடி, வயாக்ஸைத் திரும்ப விற்கலாமா என்று வாக்கெடுத்தது. 17-க்கு 15 என்று 'விற்கலாம்' ஜெயித்தது! பிறகுதான் 32 பேரில் 10 பேருக்கு இந்த மருந்துகளைத் தயாரிக்கும் நிறுவனங்களோடு தொடர்பு இருந்தது செய்தியானது. அவர்களை நீக்கிவிட்டு எண்ணினால் 14-க்கு 8 என்று தோற்றிருக்கும். மெர்க் அதற்குப் பிறகும் வயாக்ஸைக் கொண்டுவரவில்லை. ஃபைசரின் பெக்ஸ்ட்ரா (வால்டிகாக்சிப்) 2005 ஏப்ரலில் வெளியேறியது. செலிபிரெக்ஸ் கறுப்புக் கட்ட எச்சரிக்கையோடு தப்பியது. 2016-ல் வெளியான 24,000 பேர் கொண்ட ஆய்வில், மிதமான அளவில் அது நாப்ராக்சென், இப்யூபுரோஃபென் ஆகியவற்றைவிட இதயத்துக்கு மோசமில்லை என்று தெரிந்தது. காக்ஸ்-2 மருந்துகள் எல்லாமே வயாக்ஸ் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வழக்குகள் நீண்டன. 2007 நவம்பரில் மெர்க் 485 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 2011-ல் அமெரிக்க அரசோடு மேலும் 95 கோடி டாலருக்கு ஒரு தீர்வு. அதில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாரடைப்பை மறைத்த குற்றம் அல்ல. முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைப்பதற்கு முன்பே முடக்குவாதத்துக்காக விளம்பரம் செய்த குற்றம்.

இந்தியாவில்

2005 வரை இந்தியச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் ரோஃபிகாக்சிப்பை உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் தங்கள் சொந்தப் பெயர்களில் தயாரித்து விற்றன. 2004 டிசம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. 2005 ஜூலையில் வால்டிகாக்சிப்பையும்.

அதோடு கதை முடியவில்லை. வயாக்ஸின் வாரிசாக மெர்க் கொண்டுவந்த எட்டோரிகாக்சிப்பை அமெரிக்க ஆலோசனைக் குழு 2007 ஏப்ரலில் 20-க்கு 1 என்று நிராகரித்தது, எஃப்.டி.ஏ. அனுமதி தரவே இல்லை. ஐரோப்பாவில் எச்சரிக்கைகளோடு அது விற்கிறது. இந்தியாவில் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் சர்வசாதாரணமாக எழுதப்படும் மாத்திரைகளில் அது ஒன்று.

அதைவிட முக்கியம் டைக்ளோஃபெனாக். அது 1970-களின் மருந்து, காக்ஸ்-2 என்ற பெயரே இல்லாத காலத்தில் வந்தது. ஆனால் சோதித்துப் பார்த்தால் அதுவும் காக்ஸ்-2-ஐத்தான் அதிகமாகத் தடுக்கிறது. ஏறக்குறைய செலிகாக்சிப் அளவுக்கு. 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த குழு மூன்றரை லட்சம் பேரின் ஆய்வுத் தரவுகளைத் திரட்டிப் பார்த்தது. அதிக அளவு டைக்ளோஃபெனாக் (தினம் 150 மில்லிகிராம்), காக்ஸ்-2 மருந்துகளைப் போலவே மாரடைப்பு போன்ற ஆபத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. மிதமான ஆபத்துள்ள 1,000 பேர் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக மூன்று பேருக்குப் பெரிய பாதிப்பு, அதில் ஒருவருக்கு மரணம். நாப்ராக்செனில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. ஆனால் வயிற்று ஆபத்து அதில் அதிகம். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு அதே ஆண்டு அறிவித்தது. அந்த ஆண்டில் 100 நாடுகளின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்களைப் பார்த்தவர்கள், 74-ல் டைக்ளோஃபெனாக்கும் 27-ல் மட்டும் நாப்ராக்செனும் இருப்பதைக் கண்டார்கள். இந்தியச் சட்டப்படி டைக்ளோஃபெனாக் மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் 'இடுப்புவலிக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டால் என்ன கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இரண்டு நாள் பல்வலிக்குச் சாப்பிடுகிற ஆரோக்கியமான இளைஞருக்கு ஆபத்து மிகக் குறைவு. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வலி அடங்கும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாட்கள் என்பதே எல்லா நாட்டு வழிகாட்டுதல்களும் சொல்வது. ஆபத்து மாதக்கணக்கில் சாப்பிட்டால்தான் வரும் என்ற பழைய நினைப்பும் தவறு. முதல் சில வாரங்களிலேயே தொடங்கலாம் என்று 2015-ல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கையைத் திருத்தியது. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, குடல் புண் உள்ளவர்கள், வயதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாத குடும்பம் இது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரையும் சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு, மூன்றாவதாக இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று பழுதாகலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் இப்யூபுரோஃபென் எடுத்தால், ஆஸ்பிரினின் பலன் தடைபடலாம். கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. வலி போகவில்லை என்று இந்தக் குடும்பத்தின் இரண்டு மாத்திரைகளை ஒன்றாகப் போடுவதில் வலி இரண்டு மடங்கு குறைவதில்லை, புண்தான் கூடுகிறது. வயிற்றுக்காகக் கூடவே எழுதித்தரும் அமிலத் தடுப்பு மாத்திரை இரைப்பையைத்தான் காக்கும், இதயத்தை அல்ல. சாப்பிடும் நாட்களில் மலம் தார் போலக் கறுத்தாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்; நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.